அலுவலுக்கிடையே ஆண்டவனோடு

நம் காலனியில் தெய்வ பக்தி இல்லாத வீடு என்று ஒன்றைச் சுட்டிக் காட்டுவது கடினம். ஒரு வீட்டுச் சுவரில் முருகப் பெருமான், அடுத்த வீட்டில் இயேசுநாதர், அதற்கடுத்த வீட்டில் நாகூர் தர்காவின் படம். ஆயினும் வழிபாட்டுக்கு நேரம் கிடைக்கிறதா என்று கேட்டால் மூன்று வீட்டாரும் ஒரே விடையைத்தான் தருவர். காலை டியூட்டி, இரவு டியூட்டி, மாதக் கடைசிக் கணக்கு, பிள்ளைகளின் பரீட்சை, ஊரிலிருந்து வந்திறங்கும் விருந்தாளிகள் என்று நாள் கழிந்துவிடுகிறது. விளக்கை அணைத்துப் படுக்கும்போது மிஞ்சுவது கொட்டாவி ஒன்றே. பென்ஷன் வாங்கிய பிறகு ஆற அமர ஆண்டவனை நினைத்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைப்போரும் நம்மிடையே பலர்.

அந்த அன்பர்கள் பொருட்டு ஒரு பெரியாரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகின்றேன். நாம் பிழைக்க வந்த இதே வங்க நாட்டுக்கு நம்மைப் போலவே வெளியூரிலிருந்து வந்து, நாற்பதாண்டுகளுக்கு மேல் ஓயாது உழைத்து, தாய்நாட்டுக்கு ஒரு முறையேனும் திரும்பாமல் இம்மண்ணிலேயே அடங்கியவர் அவர். பெயர் வில்லியம் கேரி. ஹௌராவிலிருந்து லோக்கல் வண்டியில் ஏறினால் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் வரும் செராம்பூர்தான் அவருடைய ஊர். நம் டிக்கெட்டில் அது ஸ்ரீராம்பூர் என்று அச்சாகியிருக்கும். மலர்க் குழுவினர் ஒதுக்கியுள்ள பக்கங்கள் சிலவே. ஆகையால் அவரது இளமையைச் சுருக்கமாகச் சொல்லி மேற்செல்கிறேன்.

கேரி 1761-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தார். ஊர்ப் பள்ளிப் படிப்போடு கல்வி நின்றது. பதினான்கு வயதில் செருப்புத் தைக்கும் தொழிலுக்கு அனுப்பப்பட்டார். அத்தொழிலைச் செய்துகொண்டே லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைத் தாமே முயன்று கற்றார். உடன் வேலை பழகிய ஒரு வாலிபரின் தூண்டுதலால் ஜெபக் கூட்டங்களுக்குச் செல்லத் தொடங்கி, 1783-இல் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் பாப்டிஸ்டுத் திருச்சபையில் போதகரானார். சம்பளம் போதாமையால் செருப்புத் தைப்பதையும் பள்ளி நடத்துவதையும் விடவில்லை. 1792 அக்டோபர் 2-ஆம் நாள் கெட்டரிங் என்னும் ஊரில் அவரும் நண்பர் சிலரும் கூடி ஒரு மிஷன் சங்கத்தைத் தொடங்கினர். அன்று வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ்தான். மறு ஆண்டே அச்சங்கத்தின் சார்பில் கேரி இந்தியாவுக்குப் புறப்பட்டார். மிஷனரிகள் இங்கு வருவதைக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பவில்லை. அதனால் டென்மார்க்குக் கப்பல் ஒன்றில் ஏறி, 1793 நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

அவர் மனைவி டாரதி அம்மையாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கேரியைப் புகழும் சரித்திரங்கள் சில இந்த அம்மையாரை இரண்டே வரியில் கடந்து விடுகின்றன. அது நியாயமன்று. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண் அவர். கடல் கடந்து செல்ல அவருக்குச் சிறிதும் மனமில்லை. முதலில் மறுத்தே விட்டார். கப்பல் தாமதமானபோது மீண்டும் வற்புறுத்தப்பட்டு, தம் தங்கையும் உடன் வருவதானால் சரி என்று இசைந்தார். கப்பலேறும்போது அவர் கையில் பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தை. ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து குடித்தனம் நடத்தும் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த அம்மையாரின் நெஞ்சம் எப்படியிருந்திருக்கும் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

வந்த சில மாதங்களில் கையிருப்புக் கரைந்தது. சுந்தரவனக் காட்டோரத்தில் சில நாள் குடிசை போட்டு வாழ முயன்றனர். பிறகு 1794-இல் மால்டாப் பகுதியில் மட்னாபதி என்னுமிடத்தில் ஓர் அவுரித் தொழிற்சாலைக்கு மானேஜர் வேலை கிடைத்தது. மாதம் 200 ரூபாய் சம்பளம். அவுரி வேலை மழைக்காலத்து மூன்று மாதங்களில்தான் மும்முரம். மற்ற மாதங்களில் போதிய ஓய்வு உண்டு. சுற்றிலும் வயல், அமைதி. பேசுவதற்கு ஆங்கிலேயர் மிகச் சிலர். கடவுளைத் தியானிக்க இதைவிட ஏற்ற இடம் வேறு உண்டோ என்று நமக்குத் தோன்றும்.

ஆனால் அந்நாட்களில் கேரி எழுதிய தினக்குறிப்பைப் பார்த்தால் வியப்பே மேலிடுகிறது. 1794, 1795 ஆகிய ஆண்டுகளின் பக்கங்களில் பெரும்பாலும் ஒரே முறையீடு. உள்ளம் வறண்டு கிடக்கிறது, ஜெபத்தில் மனம் நிற்பதில்லை, தம்மைப் போன்ற சோம்பேறி வேறில்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார். இங்கிலாந்திலிருந்து கடிதம் வர 1795-ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது. தனிமை நிறைய இருந்தது, நேரமும் இருந்தது. நெருக்கம் மட்டும் கைகூடவில்லை. நேரம் கிடைத்துவிட்டால் பக்தி தானே வந்துவிடும் என்று எண்ணுகிறோமே, இந்தப் பக்கங்களைப் படித்த பிறகு எனக்கு அந்த எண்ணத்தில் நம்பிக்கை குறைந்துவிட்டது.

துயரமும் சேர்ந்துகொண்டது. 1794-இல் பீட்டர் என்னும் ஐந்து வயது மகன் சீதபேதியால் இறந்தான். சாதிக் கட்டுப்பாட்டுக்கு அஞ்சிக் குழி வெட்டவும் உடலைச் சுமக்கவும் ஆள் வருவது அரிதாயிற்று. காய்ச்சலில் கிடந்த தகப்பன் அந்த ஏற்பாட்டையும் தாமே செய்ய நேர்ந்தது. அதன்பின் டாரதி அம்மையாரின் சித்தம் கலங்கியது. கணவர் மீது வீண் சந்தேகங்களும் ஆவேசமும் மாறி மாறி வந்தன. 1807 டிசம்பரில் இறக்கும் வரை அவர் தெளிவு பெறவேயில்லை. பக்கத்து அறையில் மனைவி கூச்சலிட்டுக்கொண்டிருக்க, இந்த அறையில் கேரி மொழிபெயர்ப்பில் அமர்ந்திருந்த நாட்கள் பல. மனைவியைப் பைத்தியக்கார விடுதியில் விட்டுவிடாமல் இறுதிவரை வீட்டிலேயே வைத்துக் காத்தார் என்பதை அவருக்குச் சாதகமாகச் சொல்வர். அது உண்மைதான். அவரை அழைத்து வந்தது சரிதானா என்ற கேள்வியும் அதனோடு நிற்கத்தான் செய்கிறது. பிள்ளைகள் கண்டிப்பின்றி வளர்ந்தனர். பின்னாளில் சக ஊழியரான வார்டும், மார்ஷ்மனின் மனைவியார் ஹன்னா அம்மையாரும்தாம் அவர்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்தனர்.

1800 ஜனவரி 10-ஆம் நாள் கேரி செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். அப்போது அது டென்மார்க்கு அரசின் ஆட்சியில் இருந்தது; கம்பெனியாரின் கெடுபிடி அங்கே செல்லாது. ஆசிரியரான ஜோஷுவா மார்ஷ்மன், அச்சுத் தொழில் அறிந்த வில்லியம் வார்டு ஆகிய இருவரும் முன்பே அங்கு வந்திருந்தனர். மூவரும் கூட்டுக் குடும்பம் போல் ஒரே பந்தியில் உண்டு, வருமானம் முழுவதையும் பொதுப் பெட்டியில் போட்டு வாழ்ந்தனர். சனிக்கிழமை மாலைதோறும் கூடி, அந்த வாரத்தில் ஒருவர்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் ஏதேனும் இருப்பின் வெளிப்படச் சொல்லித் தீர்த்துக்கொள்வது அவர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஒரே வளைவில் பல குடும்பங்கள் வாழும் நமக்கு அதன் அருமை தெரியும்!

1801-இல் வங்க மொழிப் புதிய ஏற்பாடு வெளியாயிற்று. அதே ஆண்டில் கல்கத்தாவிலிருந்த வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்க மொழி கற்பிக்கக் கேரி அழைக்கப்பட்டார். மாதம் 500 ரூபாய். சில ஆண்டுகளில் அது 1,000 ஆயிற்று. தம் செலவுக்கு ஒரு சிறு தொகை நீங்கலாக அனைத்தும் பொதுப் பெட்டிக்கே சென்றது. செவ்வாய்க்கிழமை ஹூக்ளி நதியில் படகேறிக் கல்கத்தா செல்வதும், வெள்ளிக்கிழமை மாலை திரும்புவதும் ஏறக்குறைய முப்பதாண்டு நடந்தது. ரயில் வருவதற்கு முன்பே வாரப் போக்குவரத்துச் செய்த உத்தியோகஸ்தர் என்று அவரைச் சொல்லலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1806 ஜூன் 12, வியாழக்கிழமை. அடிக்கடி கடிதம் எழுதுவதில்லை என்ற குறையைத் தீர்க்க வேண்டி, அன்றைய தினம் தாம் செய்தவற்றையெல்லாம் வரிசையாகக் கேரி தம் நண்பர் ஒருவருக்கு எழுதினார். அக்கடிதம் கிடைத்திருப்பது நம் பாக்கியம்.

அன்று அவர் எழுந்தது ஆறு மணிக்குக் கால் மணி முன்னதாக. எபிரேய வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசித்தார். ஏழு மணி வரை தனி ஜெபம். பின்பு வேலைக்காரர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு வங்க மொழியில் குடும்ப ஜெபம். படுக்கையறையை விட்டு வெளியே வரும்போதே ஒரு முன்ஷி காத்திருந்தார். தேநீர் தயாராவதற்குள் அவரோடு சிறிது பாரசீகம். சிற்றுண்டிக்கு முன் இந்துஸ்தானியில் வேத வாசிப்பு. சிற்றுண்டி முடிந்த மறு கணமே, காத்திருந்த மற்றொரு பண்டிதருடன் அமர்ந்து பத்து மணி வரை மொழிபெயர்ப்பு. எதை மொழிபெயர்த்தார் தெரியுமா? வால்மீகி ராமாயணத்தை! காலையில் இயேசுவின் பாதத்தில் முழந்தாளிட்டவர், பத்து மணி வரை ஸ்ரீராமனின் கதையை ஆங்கிலத்தில் வடித்துக்கொண்டிருந்தார். கேரியும் மார்ஷ்மனும் செய்த அம்மொழிபெயர்ப்பு 1806 முதல் செராம்பூரில் அச்சாகி வெளிவந்தது.

பத்து மணிக்குக் கல்லூரி. பிற்பகல் ஒரு மணிக்கு மேல் திரும்பி வந்து, எரேமியாவின் ஆகமத்தை வங்க மொழியில் புரூப் பார்த்தார். சாப்பாட்டுக்குப் பின் கல்லூரித் தலைமைப் பண்டிதருடன் மத்தேயு எட்டாம் அதிகாரத்தின் பெரும்பகுதியைச் சம்ஸ்கிருதத்தில் பெயர்த்தார். மணி ஆறு. உடனே ஒரு தெலுங்குப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு! நாற்பது தாண்டினால் புது இந்திப் பரீட்சை ஒன்று எழுதுவதற்கே நாம் அலுத்துக்கொள்கிறோம். ஏழு மணிக்குப் பிரசங்கத்துக்கான எண்ணங்களைத் திரட்டி, ஏழரைக்குச் சுமார் நாற்பது பேர் முன்னிலையில் பிரசங்கித்தார். வந்திருந்த நீதிபதி ஒருவரிடம் புதிய ஆலயக் கட்டடத்துக்காக 500 ரூபாய் நன்கொடையும் வாங்கினார். ஒன்பது மணிக்குக் கூட்டம் கலைந்தது. அதன்பின் எசேக்கியேல் பதினோராம் அதிகாரத்தை வங்க மொழியில் பெயர்த்தார். இத்தனைக்கும் பிறகுதான் அந்தக் கடிதம். கடிதம் முடிந்ததும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரம் வாசித்து, தம்மைக் கடவுளிடம் ஒப்புவித்துப் படுக்கைக்குச் செல்வதாக எழுதியிருக்கிறார்.

அன்பர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். இந்த நீண்ட நாளில் தனி ஜெபத்துக்கு அவர் ஒதுக்கியது காலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், இரவில் சில நிமிடங்கள். அவ்வளவே. ஆனால் அந்த இரு முனைகளும் அசையவில்லை. முன்ஷி வாசலில் காத்திருந்தார் என்பதற்காகக் காலை ஜெபம் சுருங்கவில்லை. நள்ளிரவு நெருங்கிவிட்டது என்பதற்காக இரவு அதிகாரம் விடுபடவில்லை. மட்னாபதியின் ஓய்வு நாட்களில் வறண்டு கிடந்ததாக அழுத உள்ளம், மூச்சு விட நேரமில்லாத இந்த நாளில் அத்தகைய முறையீடு எதையும் எழுதவில்லை. வேலை பெருகியதால் பக்தி வளர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நாளைத் தொடங்கும் இடமும் முடிக்கும் இடமும் ஒரே ஒருவருக்கென்று நிலைத்துவிட்டபோது, இடையில் எத்தனை வேலை வந்தாலும் அது அவருடைய வேலையாகவே ஆகிவிட்டது போலும்.

தம்மிடம் தனித் திறமை உண்டென்று கேரி ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. எடுத்த காரியத்தை விடாமல் மெல்ல மெல்ல நடத்திச் செல்ல மட்டும் தமக்குத் தெரியும் என்றே சொல்லி வந்தார். காலை ஜெபத்தையும் அவ்வண்ணமே நடத்தினார் என்று கொள்ளலாம்.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு ஒரு சோதனை வந்தது. 1812 மார்ச் 11-ஆம் நாள் மாலை செராம்பூர் அச்சுக்கூடத்தில் தீப் பிடித்தது. நள்ளிரவு வரை எரிந்தது. பல மொழி எழுத்துருக்கள், ஏராளமான காகிதம், ராமாயண மொழிபெயர்ப்பின் பகுதி, தெலுங்கு இலக்கணம், கேரி பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதி எல்லாம் சாம்பலாயின. கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் காலை மார்ஷ்மன் சென்று செய்தியைச் சொன்னபோது அவருக்குப் பேச்சு எழவில்லை, கண்ணீர் விட்டார். செராம்பூர் திரும்பி இடிபாடுகளைப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மனிதன் அமைதியாயிருந்து தேவனை அறிய வேண்டுமென்று கூறும் 46-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பிரசங்கித்தார். கடவுளுக்கு நம்மைத் தம் சித்தப்படி நடத்த உரிமை உண்டு என்பதும், அதற்கு நாம் இணங்குவதே கடன் என்பதும் அப்பிரசங்கத்தின் சாரம். மறுபடி அதே நூல்களைத் தொடங்கினார். எழுத்து வார்க்கும் அச்சுகள் சாம்பலுக்கடியில் கெடாமல் கிடைத்தன. உருகிய ஈயத்தைக் கொண்டே புது எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. இங்கிலாந்தில் இரண்டே மாதங்களுக்குள் நஷ்டத்துக்கு ஈடான பணம் திரண்டது. மறு ஆண்டு, 1813-இல், தமிழ்ப் புதிய ஏற்பாடும் அந்த அச்சுக்கூடத்தில் அச்சாகி வெளிவந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ரயில்வே அன்பர்களுக்காக இடையில் ஒன்று. செராம்பூர்க் காகித ஆலைக்கென 1820-இல் ஒரு 12 குதிரைசக்தி நீராவி எஞ்சின் வரவழைக்கப்பட்டது. அது புகை விடுவதைக் காண ஊரே திரண்டது. ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்குச் செராம்பூர் வழியாக முதல் பயணி வண்டி ஓடியது 1854 ஆகஸ்டு 15-ஆம் நாள். கேரி மறைந்து அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒழுங்கு தவறாத இம்மனிதர் அந்த ஒழுங்கையே ஒரு நாள் உடைத்தார். அதையும் சொல்ல வேண்டும். 1799-இல் ஹூக்ளிக் கரையில் ஒரு பெண் கணவன் சிதையில் ஏற்றப்படுவதைக் கேரி நேரில் கண்டு தடுக்க முயன்று தோற்றார். அக்காட்சி அவரை விட்டு நீங்கவேயில்லை. ராஜா ராம்மோகன் ராய் முதலிய பெரியோர் பலரும் பாடுபட்டதன் பயனாக, 1829 டிசம்பர் 4-ஆம் நாள் பெண்டிங்க் பிரபு உடன்கட்டை ஏறுதலைத் தடை செய்யும் சட்டத்தைப் பிறப்பித்தார். அதை வங்க மொழியில் பெயர்த்துத் தரும் பொறுப்பு கேரியிடம் வந்தது. தாள்கள் அவர் கைக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் ஆலயத்துக்குப் பிரசங்கிக்கப் புறப்படும் நேரம். அவர் அங்கியைக் கழற்றி வைத்தார். பிரசங்கத்துக்கு வேறொருவரை அனுப்பிவிட்டு, பண்டிதரை வரவழைத்து, மாலைக்குள் மொழிபெயர்ப்பை முடித்தார். ஒரு மணி நேரம் தாமதித்தால் எங்கேனும் ஒரு விதவையின் உயிர் போகக் கூடும் என்பது அவர் கணக்கு. ஓய்வு நாளை ஆசாரமாகக் காத்த சபையைச் சேர்ந்தவர், அன்று ஆலயத்துக்குப் போகாததால் தாம் கடவுளை விட்டு விலகியதாகக் கருதவில்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இது.

அவருடைய தோட்டத்தைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. செராம்பூரில் ஏறத்தாழ ஐந்து ஏக்கரில் அவர் வளர்த்த தோட்டத்தில் நாடெங்கிலுமிருந்து வந்த செடிகளும் மரங்களும் இருந்தன. செடி வகைகளைப் பற்றிய அவர் அறிவு விளையாட்டன்று. 1820-இல் இந்திய விவசாயத் தோட்டக்கலைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவரே. ஆனால் அத்தோட்டம் அவருக்கு ஜெபவீடாகவும் இருந்தது. விடியற்காலையில் மரங்களுக்கிடையே நடந்துகொண்டே வாய்விட்டு ஜெபம் செய்வார். ஒரு சமயம் இங்கிலாந்திலிருந்து விதைகள் வந்த பையை உதறி, ஒட்டியிருந்த மண்ணை நிழலான ஒரு மூலையில் தூவி வைத்தார். சில நாளில் அங்கே அவர் பிறந்த நாட்டுப் புல்வெளிகளில் பூக்கும் சிறிய டெய்சிச் செடி ஒன்று முளைத்தது. முப்பதாண்டுகளாகக் காணாத அந்தப் பூவைக் கண்டு குழந்தை போல் மகிழ்ந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்று துளிர்க்கும்போது நம் வீடுகளில் உண்டாகும் மகிழ்ச்சிதான் அது.

கடைசி மாதங்களில் நடக்க இயலாமற் போனபோது, சக்கரம் வைத்த பலகையில் நாற்காலியைப் பொருத்தி அவரைத் தோட்டத்துக்கு இழுத்துச் செல்வர். அதுவும் முடியாத நாளில் தோட்டக்காரர் அறைக்கே வந்து செடிகளின் நலத்தைச் சொல்லிப் போவார். தாம் போன பிறகு மார்ஷ்மன் தோட்டத்தில் மாடுகளை விட்டுவிடுவாரோ என்று ஒரு நாள் கவலைப்பட்டாராம். நாற்பது மொழிகள் அளவில் முழுமையாகவோ பகுதியாகவோ வேதாகமத்தை அச்சேற்றிய கூட்டத்தின் தலைவருக்கு எஞ்சியிருந்த கவலை அதுதான். மார்ஷ்மன் செடிகளைக் காப்பதாக உறுதி சொன்னார். காணவந்த இளம் மிஷனரி அலெக்ஸாண்டர் டஃப் தம் சாதனைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, இனித் தம்மைப் பற்றிப் பேச வேண்டாம், தம் இரட்சகரைப் பற்றிப் பேசும்படி மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டார்.

1834 ஜூன் 9-ஆம் நாள் அதிகாலை, அவர் வழக்கமாக எழுந்து ஜெபிக்கும் வேளையில், உயிர் பிரிந்தது. மறுநாள் டென்மார்க்குக் கொடி அரைக் கம்பத்தில் பறக்க, செராம்பூர் மயானத்தில், 1821-இல் காலமான அவருடைய இரண்டாம் மனைவி ஷார்லட் அம்மையாரின் அருகில் அடக்கம் செய்தனர். பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும், தம்மை எளியவன் என்று கூறும் ஒரு ஞானப் பாட்டின் இரண்டு அடிகளும் தவிர வேறெதையும் கல்லில் பொறிக்கக் கூடாதென்று அவர் உயிலில் எழுதி வைத்திருந்தார்.